கொப்பியில் எழுதப்படாத ஒரு குளிசை: நீரிழிவும் கொப்புள நோயும் நடுவில் ஒரு நொதியமும்

நீரிழிவுக்கென்று நானே எழுதிக்கொடுத்த ஒரு குளிசை, ஒரு வருடம் ஆகும் தறுவாயில் ஒரு முதியவரின் தோலில் கொப்புளங்களாக வெளிவந்தது. முதல் கடி, அதாவது அரிப்பு, தொடங்கிய நாளிலிருந்து காரணத்தைப் பிடிக்க மூன்றரை மாதம் சென்றது. அந்த மூன்றரை மாதத்தில் எங்கெங்கே தவறினோம் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் குடும்ப வைத்தியம் பார்ப்பவர்களுக்கும் பாமசியில் நிற்பவர்களுக்கும், வீட்டில் அப்பா அம்மாவின் மருந்துப் பெட்டியை அடுக்கிக் கொடுக்கும் பிள்ளைகளுக்கும் இது பயன்பட வேண்டும். ஐயாவும் அவருடைய மனைவியும் எழுதச் சம்மதித்தார்கள். பெயரும் ஊரும் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

ஐயாவுக்கு 73 வயது. வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர். இப்போது தோட்டத்தை மகன் பார்க்கிறார். ஆனாலும் காலையில் வரம்பில் ஒரு நடை நடக்காமல் அவருக்குத் தேநீர் இறங்காது. 18 வருடமாகச் சீனி வருத்தம். அரசாங்க கிளினிக்கில் மாதாந்தம் மெட்போமின், கிளிக்கிளசைட், லோசாட்டன், அட்டோவாஸ்டட்டின் எடுத்துவந்தார். இடையில் ஏதாவது என்றால் மாலையில் என்னிடம் வருவார்.

இந்தக் கதை ஒரு கந்தசஷ்டியில் தொடங்குகிறது. ஆறு நாளும் விரதம், இரவில் மட்டும் பாலும் பழமும். விரதம் பிடிப்பதைக் கிளினிக்கிலும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. காலைக் கிளிக்கிளசைட்டை மட்டும் தவறாமல் போட்டிருக்கிறார். ஐந்தாம் நாள் மதியம் கோயில் மண்டபத்தில் வேர்த்து வழிந்து, பேச்சுக் குழறி, பக்கத்தில் இருந்தவரின் பெயரை மாற்றிச் சொல்லியிருக்கிறார். யாரோ சீனித் தண்ணீர் பருக்கி என்னிடம் கூட்டிவந்தார்கள். அதற்குப் பிறகும் குருதிச் சீனி 52தான்.

கிளிக்கிளசைட் சதையியை அடித்து எழுப்பி இன்சுலினை வெளியேற்றும் மருந்து. சாப்பிட்டாரா இல்லையா என்று அது பார்க்காது. ஐயாவின் சிறுநீரக வடிகட்டல் வேகம் 46க்கு இறங்கியிருந்ததால் ஆபத்து இன்னும் கூட. அடுத்த வருடமும் விரதம் பிடிப்பார், நான் சொல்லி நிறுத்த மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆகவே, தனியே நின்றால் சீனியை அளவுக்கு மீறி இறக்காத ஒரு மருந்தைத் தேடினேன். வில்டாகிளிப்டின் 50 மி.கி. அதற்குப் பொருந்தியது. சிறுநீரகத்தை எண்ணி ஒரு நாளைக்கு ஒருதரம் மட்டும். ஈரல் சோதனை சரியாக இருந்தது. வில்டாகிளிப்டினும் மெட்போமினும் ஒன்றாகச் சேர்ந்த குளிசையைக் காலையில் போடச் சொன்னேன். கிளினிக் மெட்போமின் இரவில். கிளிக்கிளசைட்டை நிறுத்தும்படி கிளினிக்குக் கடிதம் கொடுத்தேன்.

அந்தத் தீர்மானம் பிழையென்று இன்றும் நான் நினைக்கவில்லை. பிழை வேறு இடத்தில் நடந்தது. கடிதத்தில் எதை நிறுத்தச் சொன்னேன் என்பது இருந்தது. எதைத் தொடங்கினேன் என்பது இல்லை. நோயாளி கையோடு கொண்டுவரும் கிளினிக் கொப்பியில் வெளியார் எழுதுவதில்லை என்று ஒரு வழக்கம் எங்களிடம் உண்டு. அந்த வழக்கத்துக்குள் நானும் இருந்தேன். ஐயாவின் கொப்பியில் கிளிக்கிளசைட்டின் மேல் ஒரு கோடு விழுந்தது, அவ்வளவுதான். காசு கொடுத்து வெளியில் வாங்கிய புதிய குளிசை எந்தக் கொப்பியிலும் இல்லை.

மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவு, ஆறு மாதத்தில் 8.1இலிருந்து 7.3க்கு வந்தது. ஐயாவுக்கும் சந்தோசம், எனக்கும் சந்தோசம்.

கடி

குளிசை தொடங்கி ஒன்பதாம் மாதம், ஓகஸ்டில், நல்லூர்த் திருவிழாக் காலம். ஐயா ஒரு நாள் விடிய வீதியில் உருண்டு பிரதட்டை செய்திருக்கிறார். அடுத்த கிழமை என்னிடம் வந்தார். “மண் பட்ட கடி போல கிடக்கு பிள்ளை. இரவில நித்திரை இல்லை” என்றார். முதுகிலும் விலாவிலும் தொடையிலும் நகம் பட்ட நீளக் கோடுகள். விலாவில் இரண்டு மூன்று சிவந்த தடிப்புகள், சிறங்கையளவு. சோளகக் காற்றும் புழுதியும் வேர்வையுமாக இருந்த மாதம். அதற்கு முந்தின மாதம் பேரப்பிள்ளைக்குச் சொறி வந்து நானே பார்த்திருந்தேன்.

சொறி என்று முடிவெடுத்தேன். வீட்டார் அனைவருக்கும் பெர்மெத்ரின் களிம்பு, கழுத்துக்குக் கீழே உடம்பு முழுதும், ஒரு கிழமை விட்டு மறுபடியும். படுக்கை விரிப்பு, சாரம், துவாய் எல்லாம் சுடுநீரில் தோய்த்து வெயிலில். ஐயாவின் மனைவி, அந்த அம்மா, ஒன்றும் தவறவிடாமல் செய்தார். கடி குறையவில்லை.

நான் அன்று எழுதிவைத்த குறிப்பை இப்போது எடுத்துப் பார்க்கிறேன். “விரல் இடுக்குகள் சுத்தம்” என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். மனைவிக்கும் கடி இல்லை என்றும் எழுதியிருக்கிறேன். சொறிப் பூச்சி விரல் இடுக்கைத்தான் முதலில் தேடும், ஒரே பாயில் படுப்பவரை விடாது. என் சொந்தக் குறிப்பே என் முடிவுக்கு எதிராக நின்றது. பேரப்பிள்ளையின் சொறி கண்ணை மறைத்துவிட்டது.

செப்டெம்பரில் “வயதுபோன தோல், வறட்சி” என்றேன். தேங்காய் எண்ணெய், கடிக்குச் செற்றிரிசின் குளிசை. ஐயா தன் பாட்டுக்குக் கிரந்திச் சாமான் என்று கத்தரிக்காய், இறால், கணவாய், அன்னாசி எல்லாவற்றையும் விட்டார். ஒரு பரியாரியார் கொடுத்த எண்ணெயும் பூசினார். அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் மருந்தும் வேலை செய்யவில்லை. புதிதாக என்ன சாப்பாடு, என்ன சவர்க்காரம், என்ன பூச்சிமருந்து என்று மூன்று தரம் கேட்டிருக்கிறேன். புதிதாக என்ன குளிசை என்று ஒருதரமும் கேட்கவில்லை. கேட்டாலும் ஐயாவுக்கு அது பத்து மாதப் பழைய குளிசை.

கொப்புளம்

ஒக்டோபர் கடைசியில் ஒரு விடியற்காலை அம்மா வட்சப்பில் ஒரு படம் அனுப்பிவிட்டு உடனே அழைத்தார். “டொக்டர், இவருக்குத் துடையில நெல்லிக்காய் போல பொங்கிக் கிடக்கு. ராத்திரி இல்லை.” காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போனேன்.

ஐயா வாழையிலை மேல் படுத்திருந்தார். விரிப்பு முதுகில் ஒட்டுகிறது என்று அம்மா இலை வெட்டி விரித்திருந்தார். உள்தொடையிலும் முன்னங்கையின் உட்பக்கத்திலும் வயிற்றிலுமாக 14 கொப்புளங்கள் எண்ணினேன். இறுக்கமான கொப்புளங்கள், மேல்தோல் தடிப்பு, உள்ளே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர். ஒன்றில் மட்டும் இரத்தம் கலந்திருந்தது. விரலால் மெதுவாக அழுத்தினேன். கொப்புளம் பக்கத்துக்குப் பரவவில்லை. அருகிலுள்ள தோலைத் தேய்த்தும் உரியவில்லை. வாயைத் திறக்கச் சொல்லி டோர்ச் அடித்துப் பார்த்தேன், புண் இல்லை. கொப்புளத்தைச் சுற்றி அதே சிவந்த தடிப்பு. ஓகஸ்டில் விலாவில் பார்த்ததை அப்போதுதான் அடையாளம் கண்டேன்.

ஊரில் கொப்புளம் என்றால் முதலில் பூச்சி பட்டது என்பார்கள். பூச்சி பட்டால் எரியும், கோடாக இருக்கும், ஒரே பக்கத்தில் இருக்கும். அக்கி ஒரு பக்கத்து நரம்பின் பாதையில் வலியோடு வரும். நீரிழிவுக்காரருக்குப் பாதத்திலும் கீழ்க்காலிலும் வலியும் கடியும் இல்லாமல் கொப்புளம் வருவதுண்டு. ஐயாவுக்கோ கடி உயிர் போகிறது, பாதம் சுத்தம். பெம்பிகஸ் என்ற நோயில் கொப்புளம் மெல்லியது, தொட்டால் உடையும், வாயில் பெரும்பாலும் புண் இருக்கும். மிஞ்சியது பெம்பிகொயிட். முதியவர்களுக்கு வரும் நோய். உடலின் நிர்ப்பீடனம் (நோய் எதிர்ப்புத் தொகுதி) தன் தோலையே தாக்கும் நோய். பல கிழமை கடி, அப்புறம் கொப்புளம் என்ற ஒழுங்கும் அதற்கே உரியது. 1953இல் வோல்டர் லீவர் என்ற தோல் நோய் வைத்தியர் இதைப் பெம்பிகஸிலிருந்து பிரித்துக் காட்டினார். அன்றே வைத்தியசாலைக்கு அனுப்பினேன்.

வாட்டில் ஒன்பது நாள்

தோல் நோய் நிபுணர் இரண்டு துண்டுகள் எடுத்தார். கொப்புளத்தின் ஓரத்திலிருந்து எடுத்தது ஃபோமலினில் போனது. பக்கத்து நல்ல தோலிலிருந்து எடுத்ததை ஃபோமலினில் இடக் கூடாது. அது தனித் திரவத்தில் கொழும்புக்குப் போனது. முதல் துண்டில் மேற்றோலுக்குக் கீழே பிளவும் இயோசினோஃபில் என்ற வெள்ளைக் கலங்களும் தெரிந்தன. மூன்று கிழமை கழித்து வந்த மற்ற அறிக்கையில் மேற்றோலும் உட்டோலும் சேரும் கோட்டில் நிர்ப்பீடனத்தின் ஐ.ஜி.ஜி. பிறபொருளெதிரியும் சீ3 புரதமும் நேர்கோடாகப் படிந்திருந்தன. பெம்பிகொயிட் உறுதி.

அறிக்கைக்குக் காத்திராமல் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டெரொய்ட் குளிசை 30 மி.கி. தொடங்கினார்கள். ஐயாவின் நிறை 59 கிலோ, கிலோவுக்கு அரை மில்லிகிராம் கணக்கு. அது சரியான முடிவு. 14 என்றிருந்த கொப்புளம் மூன்று நாளில் 30ஐத் தாண்டியிருந்தது. பெரிய கொப்புளங்களின் அடியில் சுத்தமான ஊசியால் குத்தி நீரை வடித்து, மேல்தோலை உரிக்காமல் மூடியாகவே விட்டார்கள். நான்காம் நாள் சீனி 380க்கு ஏறியது. இன்சுலின் தொடங்க வேண்டி வந்தது. அந்த வருடக் கந்தசஷ்டி வாட்டிலேயே கழிந்தது. ஐயாவுக்கு நோயைவிட அந்த ஆறு நாள்தான் கூட வருத்தம்.

இந்த ஒன்பது நாளும் வில்டாகிளிப்டின் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். வாட்டில் கிளினிக் கொப்பியைப் பார்த்து மருந்து எழுதினார்கள். அதில் அந்தக் குளிசை இல்லை. அம்மா பொறுப்பாக வீட்டு மருந்துப் பையையும் கொண்டுபோயிருந்தார். அந்தக் குளிசை மட்டையில் வியாபாரப் பெயர் பெரிதாக, அதன் வாலில் “மெட்”. உள்ளே என்ன இருக்கிறது என்பது வெள்ளி மட்டையின் ஓரத்தில் சின்ன எழுத்தில், அதுவும் பாதி வெட்டிக் கொடுத்த மட்டை. பார்த்தவர் “இது மெட்போமின்தானே, வீட்டு மருந்தையே காலையில் கொடுங்கள்” என்றிருக்கிறார். நான் அந்த இடத்தில் நின்றிருந்தாலும், நெருக்கடியான வாட்டில், அதையே சொல்லியிருக்கக்கூடும்.

மட்டையைத் திருப்பிப் பார்த்தபோது

வீடு திரும்பி மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். பழைய கொப்புளங்கள் காய்ந்துகொண்டிருந்தன. ஆனாலும் 30 மி.கி. பிரெட்னிசொலோனில் இருக்கும்போதே வயிற்றில் புதிதாக ஐந்து. இன்சுலினையும் குளிசைகளையும் ஒழுங்குபடுத்தப் பழைய பிஸ்கற் ரின்னில் இருந்த மருந்துகளை மேசையில் கொட்டி ஒவ்வொன்றாக எடுத்தேன். அந்த மட்டையைத் திருப்பினேன். வில்டாகிளிப்டின். என் எழுத்து, என் குளிசை. அந்தப் பெயரையும் எதிரில் இருந்த தோலையும் சேர்த்துப் பார்த்தபோதுதான், முன்பு எப்போதோ வாசித்தது நினைவுக்கு வந்தது. அங்கிருந்தபடியே நிபுணரை அழைத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி: “எப்ப தொடங்கினது?” போன வருடம் நவம்பர் என்றேன். “இப்பவே நிற்பாட்டுங்கோ” என்றார்.

அந்த நொதியம் என்ன செய்கிறது

ஒரு சீனிக் குளிசை தோலை ஏன் தொட வேண்டும்? வீட்டாரும் இதைத்தான் கேட்டார்கள். பதில் அந்தக் குளிசை அடக்கும் நொதியத்தில் இருக்கிறது.

சாப்பிட்டவுடன் குடல் ஜீ.எல்.பி-1 என்ற ஓமோனைச் சுரக்கிறது. சீனி ஏறும்போது மட்டும் அது சதையியிடம் இன்சுலினைக் கேட்கும், சீனி ஏறாவிட்டால் பேசாமல் இருக்கும். ஆனால் அதற்கு ஆயுள் குறைவு. சுமார் இரண்டு நிமிடத்தில் பாதி போய்விடும். அதை வெட்டுவது டைபெப்டிடைல் பெப்டிடேஸ்-4 என்ற நொதியம், சுருக்கமாக டீ.பீ.பீ-4. புரதச் சங்கிலியின் நுனியில் இரண்டாவதாகப் புரோலினோ அலனினோ இருந்தால், முதல் இரண்டு அமினோ அமிலங்களையும் சேர்த்து நறுக்கிவிடும். திறப்பின் பல்லை அராவிவிட்டால் பூட்டுத் திறக்காது அல்லவா, அப்படி ஓமோன் உதவாமல் போகும். வில்டாகிளிப்டின் போல “கிளிப்டின்” என்று முடியும் மருந்துகள் இந்தக் கத்தரியைப் பிடித்து வைக்கின்றன. ஓமோன் கூட நேரம் நிற்கும், சீனி இறங்கும், சாப்பிடாத நேரத்தில் கீழே விழாது. ஐயாவுக்கு இதை நான் தெரிந்தெடுத்ததன் காரணமும் அதுவே. நொதியம் முதலில் விவரிக்கப்பட்டது 1966இல். அதை அடக்கும் முதல் மருந்தான சிடாகிளிப்டின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2006இல், வில்டாகிளிப்டின் ஐரோப்பாவில் அடுத்த வருடம்.

ஆனால் இந்தக் கத்தரி குடல் ஓமோனுக்காக மட்டும் படைக்கப்பட்டதல்ல. சிறுநீரகம், ஈரல், குடல், தோல் எல்லாவற்றிலும் இருக்கிறது. நிர்ப்பீடனத்தை ஆராய்ந்தவர்கள் ரி கலங்களின் மேற்பரப்பில் சீ.டீ.26 என்று பெயரிட்டு அறிந்த புரதமும் இதே நொதியம்தான். வெள்ளைக் கலங்களை அழற்சி உள்ள இடத்துக்கு அழைக்கும் சில தூதுப் புரதங்களின் நுனியையும் இது நறுக்குகிறது. ஆகவே இதை அடக்கும்போது சீனி மட்டும் மாறும் என்று எதிர்பார்க்க முடியாது. கிளிப்டின் எடுத்த சிலருக்குக் கடுமையான மூட்டுவலி வந்ததைக் கண்டு, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015இல் எச்சரிக்கை விட்டது.

பெம்பிகொயிட்டில் தாக்கப்படுவது மேற்றோலை உட்டோலோடு பிடித்து வைக்கும் ஆணி போன்ற ஒரு புரதம், பீ.பீ.180. அதற்கு எதிராகப் பிறபொருளெதிரிகள் உருவாகி, ஆணி கழன்று, இடையில் நீர் தேங்குகிறது. கிளிப்டினின் பங்குக்கு ஆய்வாளர்கள் முன்வைக்கும் ஒரு விளக்கம் இது: பிளாஸ்மினோஜன் என்ற இரத்தப் புரதம் வந்து ஒட்டும் இடங்களில் டீ.பீ.பீ-4உம் ஒன்று. அதிலிருந்து உருவாகும் பிளாஸ்மின் பீ.பீ.180ஐ வெட்டக்கூடியது. நொதியம் அடங்கும்போது அந்த வெட்டு இடம் மாறி, புரதத்தின் இதுவரை மறைந்திருந்த முகம் வெளியே தெரிகிறது. அதை உடல் அந்நியமென்று எடுத்துக்கொள்கிறது. இது கருதுகோள்தான். ஆனால் பின்லாந்து, பிரான்ஸ், ஜப்பான் என்று பல நாட்டுப் பதிவுகளும் கிளிப்டினுக்கும் பெம்பிகொயிட்டுக்கும் உள்ள தொடர்பைக் காட்டின. அவற்றில் வில்டாகிளிப்டின் முன்னால் நிற்கிறது. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் எடுத்த பிறகே நோய் வருகிறது. அதனால்தான் “புதிய மருந்து” என்ற கேள்வியில் அது அகப்படுவதில்லை.

இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த மருந்தை எடுப்பவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இப்படி எதுவும் வராது. இதை வாசித்துவிட்டு யாரும் தங்கள் குளிசையைத் தாங்களே நிறுத்தக் கூடாது.

எடுத்த தீர்மானங்கள்

வில்டாகிளிப்டினை அன்றே நிறுத்தினோம். பிரெட்னிசொலோனை எவ்வளவு விரைவாகக் குறைக்கலாம் என்பது அடுத்த கேள்வி. நீரிழிவுக்காரருக்கு அது இரட்டைச் செலவு, சீனியும் ஏறும், தொற்றும் வரும். 2002இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வு, பரவலான பெம்பிகொயிட்டில் கடும் வீரிய ஸ்டெரொய்ட் களிம்பை உடம்பில் பூசியவர்கள், வாயால் ஸ்டெரொய்ட் எடுத்தவர்களைவிடக் கூடுதலாக உயிர் தப்பினார்கள் என்று காட்டியது. 2017இல் பிரித்தானியாவிலும் ஜேர்மனியிலும் நடந்த ஆய்வில் டொக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி 200 மி.கி. ஆறு கிழமையில் 74 வீதமானோருக்குப் பலன் தந்தது, பிரெட்னிசொலோன் 91 வீதமானோருக்கு. ஆனால் ஒரு வருடத்தில் கடுமையான பாதகங்கள் டொக்சிசைக்ளின் பக்கம் 18 வீதம், பிரெட்னிசொலோன் பக்கம் 36 வீதம். நிபுணர் இரண்டையும் எடை போட்டு, பிரெட்னிசொலோனைப் படிப்படியாக இறக்கியபடி, டொக்சிசைக்ளினும் குளோபெட்டசோல் என்ற கடும் வீரிய ஸ்டெரொய்ட் களிம்பும் சேர்த்தார்.

களிம்பு எழுதுவது சுலபம். ஆய்வில் பூசியது போல நாளுக்கு 40 கிராம் என்றால், 15 கிராம் ரியூப் கிட்டத்தட்ட மூன்று. அந்த வீட்டால் முடியாது. கொப்புளத்திலும் சுற்றியுள்ள சிவப்பிலும் மட்டும், நாளுக்கு ஒரு ரியூப் என்று ஒத்துக்கொண்டோம். அம்மா கையுறை போட்டுக் காலையும் மாலையும் பூசினார். டொக்சிசைக்ளின் போட்டால் வெயில் சுடும் என்று, தோட்ட நடையை ஆறு மணிக்கு முன் முடிக்கவும் முழுக்கை சட்டை போடவும் சொன்னேன். சீனிக்கு மெட்போமினும் காலையில் இன்சுலினும்.

பிறகு நடந்தது

நிறுத்தி இரண்டாம் கிழமையில் கடி பாதியாகக் குறைந்தது. “நேற்று விடியுமட்டும் நித்திரை கொண்டனான்” என்று ஐயா சொன்ன நாளை என் குறிப்பில் வட்டமிட்டிருக்கிறேன். நான்காம் கிழமைக்குப் பிறகு புதிய கொப்புளம் இல்லை. பிரெட்னிசொலோன் மார்ச் நடுவில் முடிந்தது, டொக்சிசைக்ளின் ஏப்ரல் முதலில். இன்சுலின் 10 அலகுக்கு இறங்கியது.

மே கடைசியில் மறுபடியும் நான்கு கொப்புளம்.

இம்முறை வாசலிலேயே கேட்டேன், என்ன குளிசை போடுகிறீர்கள் என்று. அம்மா தயங்கி ஒரு போத்தலைக் கொண்டுவந்தார். ஏப்ரலில் கலியாணத்துக்குக் கனடாவிலிருந்து வந்த பெறாமகன், சித்தப்பா ஊசி குத்துவதைப் பார்த்துக் கவலைப்பட்டு, தன் போத்தலைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். “ஊசி தேவையில்லை, எனக்கு இதால நல்ல கொன்ட்ரோல்.” சிடாகிளிப்டினும் மெட்போமினும் சேர்ந்தது. வேறு பெயர், வேறு நிறம், அதே நொதியம். ஐந்து கிழமையாக ஐயா அதைப் போட்டிருக்கிறார். கிழமையில் பாதி நாள் இன்சுலினும் இல்லை.

அவர் மறைத்ததை நான் கோபத்தோடு கேட்கவில்லை. “வில்டாகிளிப்டின் வேண்டாம்” என்றுதான் சொல்லியிருந்தேன். “கிளிப்டின் என்று முடியும் எதுவும் வேண்டாம்” என்று சொல்லவில்லை. இன்னொன்று, அவருக்கு ஊசி எவ்வளவு மனக்கஷ்டம் என்று ஐந்து மாதத்தில் ஒரு நாளாவது கேட்டிருந்தால், பெறாமகனின் போத்தலுக்கு இடம் வந்திருக்காது.

போத்தலை நிறுத்தி, களிம்பு மட்டும் பூசினோம். மூன்று கிழமையில் அடங்கியது. இது குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்தது போலத் தோன்றும். ஆனால் டொக்சிசைக்ளின் நிறுத்தியதும் அதே ஏப்ரலில்தான், பெம்பிகொயிட் தானாகவும் திரும்பும். ஆகவே மிகவும் சாத்தியமான காரணம் என்று எழுதி, மருந்துகளை ஒழுங்குபடுத்தும் தேசிய அதிகாரசபைக்கு பாதக விளைவு அறிக்கை அனுப்பினேன். முதல் முறையே அனுப்பியிருக்க வேண்டிய அறிக்கை அது.

என் கிளினிக்கில் மாற்றியவை

60 வயதைத் தாண்டியவருக்குக் கிளிப்டின் எழுதும்போது, கொப்புளம் என்ற சொல்லோடு கடி என்ற சொல்லையும் சொல்கிறேன். “ஆறு மாதம் கழித்து வந்தாலும், ஒரு வருடம் கழித்து வந்தாலும், கடி நின்று பிடித்தால் என்னிடம் வாங்கோ.” கொப்புளத்துக்குக் காத்திருந்தால் தாமதம். மூட்டு வலியையும் கூடவே கேட்கிறேன். ஏற்கெனவே பெம்பிகொயிட் வந்தவருக்குக் கிளிப்டின் எழுதுவதே இல்லை.

கொப்பி விடயத்தில்தான் பெரிய மாற்றம். வெளியில் வாங்கும் ஒவ்வொரு மருந்தையும், வியாபாரப் பெயரும் உள்ளே உள்ள மருந்தின் பெயரும் தொடங்கிய மாதமுமாக, ஒரு துண்டில் எழுதிக் கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் நானே ஒட்டிவிடுகிறேன். இதுவரை எந்தக் கிளினிக்கிலும் யாரும் கோபிக்கவில்லை. வாட்டுக்குக் கொண்டுபோகும்போது மட்டையைப் பெட்டியோடு கொண்டுபோகச் சொல்கிறேன். அருகிலுள்ள பாமசியில் நிற்கும் தம்பியிடம், மட்டையை வெட்டிக் கொடுத்தால் பெயர் உள்ள பக்கத்தை நோயாளிக்கு விடும்படி கேட்டேன். அவர் இப்போது உறையில் மருந்தின் பெயரையும் எழுதுகிறார்.

மாற்ற முடியாமல் இருப்பது என் நேரம். மாலையில் 40 பேர் வரிசையில் இருக்கும்போது பிஸ்கற் ரின்னை மேசையில் கொட்ட முடியாது. அதற்காகச் சனிக்கிழமை காலையை ஒதுக்கியிருக்கிறேன். எல்லோரும் வருவதில்லை, வருபவர்களில் பாதிப் பேரிடமாவது எனக்குத் தெரியாத ஒரு குளிசை இருக்கிறது.

இன்றைய நிலை

ஊசி வேண்டாம் என்ற அவருடைய விருப்பத்தை எடுத்துக்கொண்டு, தோல் முழுதும் ஆறிய பிறகு, ஜூலையில் இன்சுலினை நிறுத்தி, சீனியைச் சிறுநீரோடு வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின் 10 மி.கி. தொடங்கினோம். அது டீ.பீ.பீ-4ஐத் தொடுவதில்லை, சிறுநீரகத்துக்கும் நல்லது. பட்டினி கிடக்கும்போது அதைப் போடக் கூடாது. உடலில் கீற்றோன் என்ற அமிலப் பொருள் கூடிவிடும். ஆகவே இந்தக் கந்தசஷ்டிக்கு ஐயா ஒரு மாதம் முன்னரே வந்து சொன்னார். விரதத்துக்கு மூன்று நாள் முன் எம்பாகிளிஃப்ளோசினை நிறுத்தி, மெட்போமினை இரவுப் பாலோடு ஒருதரம் மட்டும் வைத்து, காலையும் மாலையும் மீற்றரில் சீனி பார்க்கச் சொன்னேன். தலை சுற்றினால், வாந்தி வந்தால், சீனி 70க்குக் கீழே போனால் விரதம் அன்றோடு முடியும் என்று இருவரும் பேசிக்கொண்டோம்.

பாறணை முடிந்த மறுநாள் வந்தார். நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் 12 அளவுகள் எழுதியிருந்தன. மிகக் குறைந்தது 96, மிகக் கூடியது 188. எச்.பி.ஏ.1.சி. 7.5. சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகு, விலா, வயிறு, தொடை எல்லாம் பார்த்தேன். கொப்புளம் இருந்த இடங்களில் கருந்தழும்பு மட்டும். சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு துண்டு வைத்திருந்தார், பேரன் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தது: “கிளிப்டின் என்று முடியும் குளிசை எனக்குக் கூடாது.”